ஆர்க்கிட் விதைக்குச் சோறு போடுவது யார்?

சேலம் பக்கம் மாமா ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. போன கோடையில் அங்கே போயிருந்தபோது ஒரு கிழட்டு மரத்தின் கவட்டையில் செடி ஒன்று உட்கார்ந்திருந்தது. விரல் தடிமனில் சாம்பல் நிற வேர்கள் பட்டையோடு ஒட்டி ஓடின. மடித்த காகிதம் போல விறைப்பான இலைகள். மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட பூக்கள் நாலைந்து. வாண்டா வகை ஆர்க்கிட். மாமா கையில் அரிவாள்.

"புல்லுருவி மாப்ள. விட்டா மரத்தையே உறிஞ்சிப் போடும்."

"வெட்டிடாதீங்க மாமா. இது புல்லுருவி இல்ல."

புல்லுருவி கிளைக்குள் வேரைச் செருகி மரத்தின் சாற்றையே எடுக்கும். அதன் மேல் விவசாயிக்கு வரும் கோபம் நியாயமானது. ஆர்க்கிட் அப்படியில்லை. பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் தொற்றுத்தாவரம் என்று படித்திருப்போம். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு போர்வை உண்டு, வெலமன் என்று பெயர். மழைத்தண்ணீரையும் பட்டையில் வழிந்துவரும் உப்புகளையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மரத்துக்குள் ஒரு வேர்கூடப் போவதில்லை. இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் மாமா கேட்டார்: "அப்ப சோத்துக்கு என்ன பண்ணுது?"

இலை இருக்கிறதே, வெயிலில் தானே சமைத்துக்கொள்ளும் என்றேன். பதில் சரிதான், ஆனால் பாதிதான். இலையே இல்லாத நாள் ஒன்று இந்தச் செடிக்கும் இருந்தது. அன்று யார் சோறு போட்டார்கள்? தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று இது.

கட்டுச்சோறு இல்லாத பயணம்

முதலில் தேங்காயைப் பார்ப்போம். நாம் துருவிப் போடும் வெள்ளைப் பருப்பும் உள்ளே குலுங்கும் தண்ணீரும் தென்னங்கன்றுக்காகத் தாய்மரம் கட்டிக் கொடுத்த சோறு. முளைசூழ்தசை என்று பாடநூல் சொல்லும். தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ விற்கிறார்களே, முளைக்கிற கன்று அந்தச் சோற்றை உறிஞ்சுவதற்காக உள்ளே வளர்க்கும் உறுப்புதான் அது. பச்சைப்பயறு வேறு மாதிரி. அதில் இரண்டு பருப்புகளும் சாப்பாட்டு மூட்டைதான். அளவு கூடலாம், குறையலாம், ஆனால் பெரும்பாலான விதைகளில் ஏதோ ஒரு கட்டுச்சோறு இருக்கும்.

ஆர்க்கிட் விதையில் இல்லை. முளைசூழ்தசை உருவாவதே இல்லை, அல்லது தொடக்கத்திலேயே நின்றுபோகிறது. சில நூறு செல்கள்கூடத் தேறாத ஒரு சின்னக் கரு. அதைச் சுற்றி இறந்த செல்களால் ஆன ஒரு சல்லடைப் பை. பைக்குள் பெரும்பகுதி காற்றுதான். நுண்ணோக்கியில் வைத்தால், வலைப்பைக்குள் ஒரே ஒரு கடுகைப் போட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு விதையின் எடை பல வகைகளில் ஒரு மைக்ரோகிராம் அளவில்தான். அப்படியானால் ஒரே ஒரு அரிசி மணியின் எடைக்கு ஏறக்குறைய 20,000 விதைகள் வேண்டும். கையில் கொட்டினால் பவுடர் என்றுதான் நினைப்பீர்கள்.

நல்ல வனிலா ஐஸ்கிரீமில் கறுப்பாகப் பொடிப்பொடியாகத் தெரிவதும் ஆர்க்கிட் விதைதான், ஏனென்றால் வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடி. ஆனால் அதன் விதைக்குக் கறுப்பான கெட்டித் தோல் உண்டு. இந்தக் குடும்பத்தில் அது கொஞ்சம் விதிவிலக்கு.

சோற்றை மிச்சம் பிடித்துத் தாய்ச்செடி என்ன செய்கிறது? எண்ணிக்கையைக் கூட்டுகிறது. சில வெப்பமண்டல வகைகளில் ஒரே காயில் 30 லட்சத்துக்கும் மேல் விதைகள் இருக்கும். சார்லஸ் டார்வின் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். இங்கிலாந்தின் சாதாரண ஆர்க்கிட் ஒன்றில் காய்க்கு 6,200, செடிக்கு 30 காய், ஆக மொத்தம் ஒரு லட்சத்து 86 ஆயிரம் விதைகள். எல்லாம் முளைத்தால் ஒரு செடியின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளே உலகின் நிலப்பரப்பு முழுவதையும் கிட்டத்தட்ட மூடிவிடும் என்று கணக்குப் போட்டார். அப்படி ஆகாமல் தடுப்பது எது என்பது தெரியவில்லை என்றும் எழுதிவைத்தார்.

அன்றைய இங்கிலாந்தில் இது வெறும் தத்துவக் கேள்வியாகவும் இல்லை. பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்திருந்த காலம். விதை போட்டால் முளைப்பதில்லை. அதனால் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து செடிகளைக் கப்பல் கப்பலாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தோட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு கைப்பக்குவம் தெரியும்: தாய்ச்செடி நிற்கும் தொட்டியிலேயே விதையைத் தூவினால் எப்போதாவது ஒன்றிரண்டு முளைக்கும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இலைக்குப்பைக்குள் கிடைத்த விடை

1899 மே 3. பிரான்சில் ஃபோந்தென்புளோ காடு. நோயல் பெர்னார் என்ற இளைஞருக்கு அப்போது 25 வயதுதான். பக்கத்து ஊரில் கட்டாய ராணுவச் சேவை, ஓய்வு நேரத்தில் காட்டில் சுற்றல். அங்கே பறவைக்கூடு ஆர்க்கிட் என்று ஒரு விசித்திரச் செடி உண்டு. வேர்கள் சிக்குப் பிடித்த கூடு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். தண்டு, பூ எல்லாம் காய்ந்த இலையின் நிறம்தான், பச்சை என்பதே கிடையாது.

அதன் பழைய பூத்தண்டு ஒன்று வளைந்து இலைக்குப்பைக்குள் புதைந்து கிடந்ததை பெர்னார் கண்டார். தண்டில் காய் இருந்தது. வெளியே சிதற வேண்டிய விதைகள் சிதறாமல் காய்க்குள்ளேயே முளைத்திருந்தன. முளைத்த ஒவ்வொன்றுக்குள்ளும் பூஞ்சை இழை ஓடியிருந்தது.

வேரில் பூஞ்சை இருப்பது அப்போது புதுச் செய்தி அல்ல. மைக்கோரைசா என்ற பெயரை ஜெர்மானியரான ஆல்பர்ட் பிராங்க் 1885-லேயே வைத்துவிட்டார். மைக்கோ என்றால் பூஞ்சை, ரைசா என்றால் வேர். வளர்ந்த ஆர்க்கிட் வேர்களிலும் அதைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆனால் முளைப்பதற்கே பூஞ்சை வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. பெர்னார் நினைத்தார். பூஞ்சையைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். கிருமி நீக்கிய கண்ணாடிக் குழாயில் விதையையும் பூஞ்சையையும் சேர்த்துவைத்து முளைக்கவைத்தும் காட்டினார். தாய்த்தொட்டியில் தூவிய விதை முளைத்த மர்மமும் அதோடு தீர்ந்தது. தாயின் வேரில் இருந்த பூஞ்சைதான் பிள்ளைக்கும் போயிருக்கிறது. காசநோய் வந்து 1911-ல், 36 வயதில் அவர் இறந்துபோனார்.

செல்லுக்குள் இடியாப்பம்

இப்போது விதைக்குள் என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம்.

விதை ஈரத்தில் ஊறி உப்புகிறது. சரியான பூஞ்சை பக்கத்தில் இருந்தால் அதன் இழை கருவின் ஒரு முனை வழியாக உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய்ச் சுருண்டு சுருண்டு ஒரு பந்தாகிறது. இந்தப் பந்துக்கு பெலட்டான் என்று பெயர். கல்லூரியில் முதல்முறை வேரைச் சீவி, நீலச்சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது இடியாப்பம்தான். தட்டில் வரிசையாக வைத்தது போல ஒவ்வொரு செல்லிலும் ஒரு இடியாப்பம். சில செல்களில் இழை இழையாகத் தெளிவாக இருந்தது. வேறு சிலவற்றில் கசங்கி மஞ்சள் கட்டியாகிக் கிடந்தது. சாயம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சிரித்தார்: "அது சாப்பிட்ட மிச்சம்."

செல் அந்தப் பூஞ்சைப் பந்தைச் செரித்துவிடுகிறது. சில நாட்களில் பந்து சுருங்கிக் கட்டியாகும். அப்புறம் அதே செல்லுக்குள் புது இழை வரலாம், மறுபடி பந்து கட்டும், மறுபடி செரிக்கப்படும். செரிப்பது மட்டும்தான் வழி என்று நெடுநாள் நம்பினார்கள். உயிரோடு இருக்கும் சுருளிலிருந்தும் சத்து செடிக்குக் கசிந்து வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-ல் செல் மட்டத்தில் படம் பிடித்தே காட்டினார்கள். எப்படியோ, சர்க்கரையும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பூஞ்சையிடமிருந்து கருவுக்கு வருகின்றன.

அந்தச் சாப்பாட்டில் கரு பருத்து ஒரு குட்டிப் பம்பரம் போல ஆகிறது. வேரும் கிடையாது, இலையும் கிடையாது. புரோட்டோகார்ம் என்று இதைச் சொல்வார்கள். மரத்தில் தொற்றும் வகைகள் வெளிச்சத்தில் முளைப்பதால் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். மண்ணில் வளரும் வகைகள் பல மாதங்கள், சில சமயம் வருடக்கணக்கில், இருட்டில் இப்படியே கிடக்கும். ஒரு தாவரம், ஆனால் சூரியனைப் பார்க்காமல், பூஞ்சையைத் தின்று வளரும் தாவரம்.

இதை "அழகான நட்பு" என்று எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பெர்னாரே தன் குழாய்களில் பார்த்தது அப்படியில்லை. சில விதைகளில் பூஞ்சை கருவையே தின்று அழித்துவிட்டது. சிலவற்றில் கரு பூஞ்சையை உள்ளேயே விடாமல் தடுத்துப் பட்டினி கிடந்தது. இரண்டும் சமபலத்தில் மல்லுக்கட்டி நின்ற இடத்தில்தான் செடி வளர்ந்தது.

இந்தப் பூஞ்சைகளின் குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் மல்லுக்கட்டு என்ற சொல் ஏன் என்று புரியும். பெரும்பாலானவற்றை முன்பு ரைசாக்டோனியா என்ற ஒரே பெயரில் அழைத்தார்கள். இப்போது டுலாஸ்னெல்லா, செரட்டோபசிடியம், செரண்டிபிட்டா என்று பிரித்திருக்கிறார்கள். நெல் போட்டவர்களுக்கு ரைசாக்டோனியா என்ற பெயர் தெரிந்திருக்கும், இலையுறை கருகல் நோயைக் கொண்டுவருவது அந்த வகையறாதான். ஊரில் ரவுடியாகத் திரியும் குடும்பத்துப் பிள்ளையைத்தான் ஆர்க்கிட் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சமையல்காரனாக வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உரக்கடையில் "வேம்" என்று பொட்டலம் கிடைக்கும், வேர் உட்பூசணம். மக்காச்சோளம், மிளகாய் என்று பல பயிர்களின் வேருக்குப் பாஸ்பரஸ் எடுத்துக் கொடுக்கும் பூஞ்சை அது. அதுவும் மைக்கோரைசாதான், ஆனால் வேறு இனம். அங்கே செடி சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை சத்து கொடுக்கும். ஆர்க்கிட் குழந்தைப் பருவத்தில் சர்க்கரையையே பூஞ்சையிடமிருந்து வாங்குகிறது. ஆகவே ஆர்க்கிட் தொட்டியில் வேம் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையும் கண்ணாடிக் குடுவையும்

நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி கேட்டால் காய்ந்த கிழங்கு எடுத்துத் தருவார்கள். அதுவும் ஓர் ஆர்க்கிட்டின் கிழங்குதான். துருக்கி நாட்டில் இதே மாதிரிக் கிழங்கைப் பொடித்துப் பாலில் கலந்து குடிப்பார்கள், அங்கே சாலெப் என்று பெயர். பெர்னார் இந்த சாலெப் கரைசலில் விதை போட்டுப் பார்த்தவர். கரைசல் கெட்டியாக இருந்தால் பூஞ்சை இல்லாமலேயே கொஞ்சம் முளைக்கிறது என்று கவனித்திருந்தார்.

அந்த நூலைப் பிடித்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் நட்சன். பூஞ்சை கொடுப்பது சர்க்கரை என்றால் நாமே சர்க்கரை கொடுத்தால் என்ன? அகர் கூழில் தாது உப்பும் சர்க்கரையும் கலந்து, கிருமி இல்லாத குடுவையில் விதையைத் தூவினார். முளைத்தது. 1922-ல் வெளியிட்டார். உலகத்தின் ஆர்க்கிட் வியாபாரமே அதோடு மாறிப்போனது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் 1928-ல் கலப்பு ஆர்க்கிட்களை உருவாக்கத் தொடங்கியது இந்தக் குடுவை முறையை வைத்துத்தான். இன்று பூக்கடையில் கிடைக்கும் டென்ட்ரோபியமும் வரவேற்பறையில் நிற்கும் பெலனாப்சிஸும் பூஞ்சையின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தவையாக இருக்கும். ஆய்வகங்களில் அந்தக் கூழில் இளநீரும் ஊற்றுவார்கள். தாய் கட்டித்தராத சோற்றைத் தென்னையிடமிருந்து வாங்கி ஊட்டுகிறோம்.

தரையில் நிற்பவன்

சரி, பெரியவனானதும் ஆர்க்கிட் திருந்திவிடுமா? பெரும்பாலும் ஆமாம். இலை விட்டதும் தானே சமைக்க ஆரம்பிக்கும். ஸ்காட்லாந்தின் பைன் காடுகளில் வளரும் குட்யேரா என்ற சின்னப் பச்சை ஆர்க்கிட்டை வைத்து ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள். அடையாளம் போட்ட கார்பனை இலைக்குக் கொடுத்துவிட்டு அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். கார்பன் பூஞ்சைக்குப் போனது. சின்ன வயதில் வாங்கிய கடனைப் பெரியவன் கொஞ்சமாவது அடைக்கிறான்.

அடைக்கவே அடைக்காத கூட்டமும் உண்டு. பறவைக்கூடு ஆர்க்கிட் போல, வாழ்நாள் முழுக்கப் பச்சையமே இல்லாதவை. ஏறத்தாழ 200 வகைகள் இப்படி இருக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் எபிபோஜியம் என்று ஒன்று, வெளிறிய தண்டும் பூவுமாக இலைச்சருகுக்கு நடுவே பேய் மாதிரி எழுந்து நிற்கும். வெகுகாலம் இவற்றை மட்குண்ணிகள் என்று சொல்லிவந்தோம், மட்கிய இலையிலிருந்து நேரடியாகச் சாப்பிடுவதாக. அது தவறு. மட்கை நேரே தின்னும் பூக்கும் தாவரம் எதுவும் கிடையாது. நடுவில் பூஞ்சை இருக்கிறது.

அந்தப் பூஞ்சைக்கு எங்கிருந்து வருகிறது? சில பூஞ்சைகள் மட்கிய கட்டையைத் தின்கின்றன. வேறு சிலவற்றின் இன்னொரு முனை உயிருள்ள மரத்தின் வேரைச் சுற்றியிருக்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது, அது மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் கொடுக்கிறது. நேர்மையான பண்டமாற்று. அந்தக் குழாயில் ஆர்க்கிட் நடுவில் ஓட்டை போடுகிறது. பவழவேர் ஆர்க்கிட்டை வைத்து 2000-ல் இதை நிரூபித்தார்கள். பிர்ச், வில்லோ நாற்றுகளுக்கு அடையாளமிட்ட கார்பனைக் கொடுத்தார்கள். பூஞ்சை வழியாக இணைந்திருந்த ஆர்க்கிட்டுக்குள் அது வந்து சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே. 1928-ல் ஒரு விவசாயி தன் நிலத்தில் கண்ட ரைசாந்தெல்லா, மண்ணுக்கு அடியிலேயே பூத்து அடியிலேயே காய்க்கிறது. மெலலூகா புதர் சமைத்த சர்க்கரை பூஞ்சை வழியாக அதற்குப் போகிறது.

மாமாவின் குற்றச்சாட்டை இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மரத்தின் தோளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் ஆர்க்கிட் மரத்திடம் ஒரு சொட்டும் எடுப்பதில்லை. மரத்தைத் தொடாமல் நாலடி தள்ளித் தரையில் நிற்கிறானே, அவன்தான் மரத்தின் சர்க்கரையைத் தின்கிறான்.

பையில் கட்டிப் புதைத்த விதைகள்

எந்த ஆர்க்கிட்டுக்கு எந்தப் பூஞ்சை, அது மண்ணில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. தூசு விதையை மண்ணில் போட்டால் மறுபடி எப்படித் தேடுவது? 1993-ல் ஹன்னே ராஸ்முசனும் டென்னிஸ் விகமும் ஒரு வழி சொன்னார்கள். மெல்லிய நைலான் வலையில் விதைகளை வைத்து மடித்து, பழைய புகைப்பட ஸ்லைடு சட்டத்தில் பூட்டி, தேயிலைப் பை மாதிரி மண்ணில் புதைத்துவிட வேண்டும். பூஞ்சை இழை வலைக்குள் நுழையும், விதை வெளியே போகாது. சில மாதங்கள் கழித்துத் தோண்டியெடுத்து எது முளைத்திருக்கிறது என்று பார்க்கலாம். முளைத்தவற்றிலிருந்து பூஞ்சையின் டிஎன்ஏவை எடுத்து ஆளையும் அடையாளம் கண்டுவிடலாம். செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

இந்த ஆராய்ச்சியின் பயன் எனக்குக் கல்லூரிக் காலத்திலேயே வலிக்க வலிக்கப் புரிந்தது. மலைச் சுற்றுலாவில் தரையில் வளர்ந்த ஆர்க்கிட் ஒன்றைக் கிழங்கோடு பெயர்த்துவந்து தொட்டியில் நட்டேன். வேரை நன்றாகக் கழுவி, சுத்தமான மணல் போட்டு. அந்த வருடம் இலை காய்ந்தது, கிழங்குக்கு அது ஓய்வுக் காலம் என்று காத்திருந்தேன். அடுத்த மழைக்கு எழவே இல்லை. செடியை மட்டும் கொண்டுவந்தேன், அதன் சமையல்காரனை மலையிலேயே விட்டுவிட்டேன். காட்டு ஆர்க்கிட்களை மீட்க நினைப்பவர்கள் இப்போது பூஞ்சையையும் தனியாக எடுத்து, குளிரில் பாதுகாத்து, விதையோடு சேர்த்தே திரும்ப மண்ணுக்குக் கொண்டுபோகிறார்கள்.

மாமா அன்று அரிவாளை இறக்கிவிட்டார். தை மாதம் போன் செய்தார்.

"மாப்ள, அந்தச் செடியில காய் பிடிச்சிருந்துச்சுல்ல, வெடிச்சு மாவு மாதிரி பறக்குது. ஏதாவது பண்ணணுமா?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமா. அதுவே பாத்துக்கும்."

"நாளைக்கு மாம்பூவுக்கு மருந்தடிக்க ஆள் வருது. பூஞ்சாணத்துக்குத்தான்."

"அந்த ஒரு மரத்தையும் பக்கத்து மரத்தையும் மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க மாமா."

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம், "ரெண்டு மரம்தானே, சரி" என்றார்.